கடல்நீர்த் தொட்டி இன்னும் பழகவில்லையா? மீன் விடும் முன் குறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

வன்னியில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முல்லைத்தீவுக் கரைக்குப் போனால் கடல் தண்ணீர் சும்மா கிடைக்கும். முதல் பிழையும் அந்த வசதியிலிருந்தே வருகிறது. நாலு கான் நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றியதும் தொட்டி தயார் என்று நினைத்து, மறுநாளே மீனை விட்டுவிடுகிறார்கள். கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது, கல்சியம் இருக்கிறது, மக்னீசியம் இருக்கிறது. ஆனால் மீனின் கழிவை மாற்றும் பற்றீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அது கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர்வது. அந்த வளர்ச்சி முடியும்வரை மீனில்லாமல் தொட்டியை ஓடவிடுவதுதான் சைக்கிளிங்.

அது இடையில் நின்றுபோனால் எல்லோரும் முதலில் தேடுவது கடையில் விற்கும் பற்றீரியாப் போத்தலை. என் பார்வையில் அது கடைசியாகத் தேட வேண்டிய பொருள். எங்கள் பக்கத்தில் நின்றுபோகும் தொட்டிகளில் பெரும்பாலும் பிழை தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சரிப்படுத்தாமல் ஊற்றும் எந்தப் போத்தலும் வீண்செலவு.

குறிகளைப் பார்க்கும் முன் ஒரு கணக்கு

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். வயலுக்கு யூரியா எறிந்த பிறகு மண்ணுக்குள் நடப்பதும் இதே வேலைதான். முதல் கூட்டம் ஓரிரு வாரத்தில் பெருகிவிடும், இரண்டாவது கூட்டம் அதைவிட மெதுவானது. வெறும் காய்ந்த கல்லோடு தொடங்கினால் நாலு முதல் ஆறு வாரம் என்று வையுங்கள். சில தொட்டிகளுக்கு அதற்கு மேலும் ஆகும்.

1 பிபிஎம் (லீற்றருக்கு 1 மில்லிகிராம்) அமோனியா முழுதாக மாறினால் சுமார் 2.7 பிபிஎம் நைத்திரைற்று வரும். அதுவும் முழுதாக மாறினால் சுமார் 3.6 பிபிஎம் நைத்திரேற்று. இந்த எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தக் கணக்கிலேயே அவிழ்ந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: சில டெஸ்ட் கிட்டுகள் எல்லாவற்றையும் நைதரசனாக எண்ணிக் காட்டும். அப்படிப்பட்ட கிட்டில் மூன்றும் சம அளவில் வரும். கிட்டோடு வரும் தாளில் அது எழுதியிருக்கும்.

நன்னீர்த் தொட்டியில் அவசரப்பட்டுத் தப்பியவர்கள் இங்கே தப்புவது கடினம். அதற்குக் காரணம் பி.எச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. பி.எச் 7 உள்ள நன்னீரில் அளந்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச் 8.2, வெப்பம் 28 பாகை உள்ள கடல்நீரில் அது நூற்றில் ஏழெட்டுப் பங்கு. டெஸ்ட் கிட்டில் நிறம் ஒன்றுதான், மீனுக்கு விளைவு வேறு.

குறி: ஒரு வாரமாகியும் அமோனியா பூச்சியம்

தொட்டியில் பற்றீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. சுத்தமான கடல்நீரில் அமோனியா அளக்க முடியாத அளவு சிறிது. நீங்கள் போடாமல் அது வராது.

அமோனியம் குளோரைட்டு கிடைத்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் அளந்து போடலாம். 100 லீற்றர் தண்ணீருக்கு 0.6 கிராம் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம் அமோனியா வரும். ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறாலைச் சிறு வலைப்பையில் கட்டித் தொங்கவிடலாம். நந்திக்கடல் இறாலுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனால் இறால் அழுகும் வேகம் உங்கள் கையில் இல்லை, எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து, 2 பிபிஎம் வந்ததும் பையோடு வெளியே எடுத்துவிடுங்கள். அதனால்தான் பையில் கட்டச் சொல்கிறேன். தொட்டிக்குள் கரைந்துபோன இறாலை எடுக்க முடியாது.

வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது என்று யூரியாவைப் போட வேண்டாம். யூரியா முதலில் அமோனியாவாக மாற வேண்டும். அது எப்போது, எவ்வளவு மாறும் என்று டெஸ்ட் கிட்டில் பார்க்க முடியாது. இன்று பூச்சியம் காட்டிய தொட்டி பிறகு அளவு கடந்து நிற்கும். வாசனை சேர்த்த துப்புரவுத் திரவங்களும் வேண்டாம்.

குறி: அமோனியா ஏறியது, இரண்டு மூன்று வாரமாக இறங்கவில்லை

உப்பிலிருந்து தொடங்குங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஆயிரத்துக்கு 35, அடர்த்தியாகச் சொன்னால் 1.025 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். கருவியையும் நம்பிவிடாதீர்கள். 35 என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புங்கள். வெறும் தண்ணீரில் பூச்சியம் காட்டுகிறது என்பதற்காக 35இலும் சரியாகக் காட்டும் என்று இல்லை. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீற்றராக இருந்தால், ஊசியில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

உப்பு பிழையாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் அள்ளிய தண்ணீர் கடல்நீர் அல்ல. மாரியில் மழைவெள்ளம் இறங்கி உப்புக் குறையும், கோடையில் வற்றி உப்பு ஏறும். திறந்த கடலிலும் மாரிக்காலத்தில் கவனம் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றோடு வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் எங்கள் கரையோரமாகத் தெற்கே இறங்கும். அந்த மாதங்களில் கரையில் அள்ளிய தண்ணீரை அளக்காமல் ஊற்றக்கூடாது. 30 காட்டினால், 100 லீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கடல்தொட்டி உப்புக் கரைத்து 35க்குக் கொண்டுவரலாம்.

ஆனையிறவு உப்பைப் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. கூடாது. உப்பளத்தில் கடல்நீரை வற்றவைத்துச் சோடியம் குளோரைட்டை எடுத்துவிட்டு, மக்னீசியம் நிறைந்த கடைசி நீரை வெளியே விட்டுவிடுவார்கள். கல்சியத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே தனியாகப் படிந்துவிடும். கறிக்கு அது அருமையான உப்பு. தொட்டியில் போட்டால் உப்புத்தன்மை 35 காட்டும், ஆனால் தண்ணீர் கடல்நீராக இருக்காது. கடை உப்பாக இருந்தால் அயடீனும் கட்டிபடாமல் இருக்கச் சேர்த்த பொருளும் கூடவே வரும்.

உப்பு சரி என்றால் அடுத்தது குளோரீன். குழாய்நீரில் இருக்கும் என்பது தெரிந்ததே. மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்கும் குளோரீன் போடுவார்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பற்றீரியாவைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், தொட்டியிலும் அது அதையே செய்யும். அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கும் முன் குளோரீன் நீக்கி போடுங்கள், அல்லது திறந்த வாளியில் காற்றடித்து ஓரிரு நாள் வையுங்கள்.

பிறகு அமோனியாவின் அளவு. 5 பிபிஎம்முக்கு மேல் போனால், சாப்பாடாக இருந்ததே தடையாகிவிடும். இறாலை உள்ளேயே விட்டவர்கள், கடல் உயிர்கள் செத்துக் காய்ந்த கல்லைக் கழுவாமல் போட்டவர்கள் இதில் மாட்டுவார்கள். பாதித் தண்ணீரை மாற்றி 2 அல்லது 3க்கு இறக்குங்கள். சைக்கிளிங் நடக்கும்போது தண்ணீர் மாற்றக்கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பற்றீரியா கல்லில் இருக்கிறது, தண்ணீரை மாற்றினால் அது போய்விடாது. அதே உப்பில், அதே வெப்பத்தில் மாற்றினால் போதும்.

வெப்பம் குறைந்து நிற்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் தண்ணீர் 34, 35 பாகைக்குப் போவதுதான் நடக்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும்: கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிடிக்கும், 32 பாகையில் 6தான். இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் வேலை இல்லை. மேற்பரப்பு நன்றாக அலையட்டும், ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீரின் மேல் திருப்பி வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், இப்போதுதான் விதையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டி யாரிடமாவது இருந்தால் ஒரு பிடி மணலோ ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சோ கேளுங்கள், ஈரமாகவே கொண்டு வாருங்கள். போத்தல் வாங்கினால் கடல்நீருக்கானதா, திகதி முடிந்துவிட்டதா, வெயிலில் பஸ்ஸில் வந்ததா என்று பாருங்கள். ஊற்றும் நாட்களில் கிருமி கொல்லும் யூவி விளக்கையும் நுரையோடு கழிவை எடுக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி வையுங்கள். கடலில் இறங்கி உயிருள்ள பவளத்தை உடைத்து வருவது மட்டும் வேண்டாம். சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் கரையில் மிஞ்சியிருப்பதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக உடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

குறி: அமோனியா பூச்சியமாகிவிட்டது, நைத்திரைற்று மட்டும் 5இலேயே நிற்கிறது

அதிகம் பேர் மனம் விடும் இடம் இது. பெரும்பாலும் எதுவும் பிழையாக இருப்பதில்லை.

பழைய கணக்குக்கு வாருங்கள். 2 பிபிஎம் அமோனியா ஒருமுறை போட்டாலே 5.4 பிபிஎம் நைத்திரைற்று வரும். கனபேரிடம் உள்ள கிட்டின் நிற அட்டை 5உடன் முடிகிறது. மூன்று தரம் போட்டிருந்தால் தொட்டியில் 16 இருக்கும், அட்டையோ 5 என்றே சொல்லும். 16இலிருந்து 8க்கு இறங்கினாலும் நிறம் மாறாது. தொட்டி வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை அட்டையால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

எனவே ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு ஆர்ஓ (சவ்வால் வடித்துக் கனிமம் நீக்கிய) தண்ணீர் கலந்து அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். மூன்று நாள் கழித்துத் திரும்ப அளங்கள். இறங்குகிறது என்றால் பேசாமல் பொறுத்திருங்கள். அந்த நாட்களில் அமோனியாவை 1 பிபிஎம்முக்கு மேல் போடாதீர்கள், அதையும் நாலு நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். முதல் கூட்டம் பட்டினி கிடந்து ஒரேயடியாகச் சாகாது.

கலந்து அளந்தும் பத்து நாளாக அசையவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். எண் 15, 20 என்று நின்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அடுத்தது காரத்தன்மை, அதை டிகேஎச் என்ற அலகில் அளப்பார்கள். இந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரிலுள்ள காபனேற்றுக் குறைந்துகொண்டே போகும். மொத்தமாக 10 பிபிஎம் அமோனியா மாறினால் 3 டிகேஎச்சுக்குச் சற்று மேல் குறைந்துவிடும். 8இல் தொடங்கிய தொட்டி 5க்கு வந்துவிடும், பி.எச்சும் சேர்ந்து இறங்கும். கடைக்குப் போய் அப்பச்சோடா வாங்குங்கள். 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, பொசுபேற்று. ஆர்ஓ தண்ணீரும் காய்ந்த கல்லும் அமோனியம் குளோரைட்டும் மட்டும் உள்ள தொட்டியில் பொசுபேற்று முற்றாக இல்லாமல் போகலாம். பற்றீரியாவுக்கும் அது கொஞ்சம் வேண்டும். ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டுவிடுங்கள், போதும்.

கடல்நீரில் குளோரைட்டு நிறைய இருப்பதால் நைத்திரைற்று நன்னீரில்போல் மீனைத் தாக்காது. அதனால் இதைக் கண்டு பதற வேண்டாம். ஆனாலும் பூச்சியமாகும்வரை மீன் விடாதீர்கள், இரண்டாவது கூட்டம் வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

குறி: நைத்திரேற்று கணக்கோடு ஒத்துவரவில்லை

பூச்சியம் காட்டினால், நைத்திரேற்றுக் கிட்டின் இரண்டாவது போத்தலை நன்றாகக் குலுக்கினீர்களா என்று பாருங்கள். பல கிட்டுகளில் அதன் தூள் அடியில் படிந்துவிடும். அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும். மாறாக, நைத்திரைற்று இருக்கும்போது நைத்திரேற்று மிகவும் கூடித் தெரியும், அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டாம்.

முதல் நாளே 20, 40 என்று காட்டினால் அது கிணற்று நீர். தோட்டங்களுக்குப் பசளை போடும் இடங்களில் கிணற்றில் நைத்திரேற்று இறங்கியிருக்கும். உப்புக் கரைக்கவும் ஆவியான நீரை ஈடுசெய்யவும் ஆர்ஓ தண்ணீரையே எடுங்கள். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடிநீருக்கென்று ஆர்ஓ நிலையங்கள் பல வந்திருக்கின்றன, அதனால் இது இன்று பெரிய சிரமமில்லை. ஆனால் குடிநீருக்குக் கனிமம் திரும்பக் கலப்பதும் உண்டு, சவ்வு பழசாவதும் உண்டு. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்று கையில் இருக்கட்டும். 10, 20க்குள் இருந்தால் நல்லது. 100 காட்டினால் வேறு நிலையம் பாருங்கள்.

குறி: தண்ணீர் பால்போல் கலங்கியிருக்கிறது

மணல் போட்ட அன்றே கலங்கினால் அது மணல் தூசு, பஞ்சு பிடித்துவிடும். உப்புக் கரைத்த உடனே கலங்கி, கண்ணாடியில் வெள்ளைப் பொருக்காகப் படிந்தால், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். தண்ணீரை ஓடவிட்டு, அதற்குள் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். நாலைந்து நாள் கழித்துக் கலங்கினால் அழுகும் உணவைத் தின்னும் வேறு பற்றீரியா பெருகியிருக்கிறது. இறாலை எடுங்கள், காற்றைக் கூட்டுங்கள், தானாகத் தெளியும். தெளியவைக்கும் மருந்து வேண்டாம்.

மணலைப் பற்றி ஒரு சொல். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் போகப் போகக் கரையில் கருமணல் கலந்திருக்கும், புல்மோட்டையில் தோண்டுகிறார்களே அந்த இல்மனைற்றுத்தான். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அது ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறும்.

குறி: எல்லாவற்றிலும் மண்ணிறப் படலம்

டயற்றம் என்ற நுண்பாசி. கிணற்று நீரின் சிலிக்கேற்று அதற்குத் தீனி. புதிய தொட்டிகளுக்கு வழக்கம், சில வாரத்தில் போய்விடும். விளக்கை அணைத்து வையுங்கள், சைக்கிளிங்குக்கு வெளிச்சமே தேவையில்லை.

குறி: அழுகிய முட்டை மணம்

தண்ணீர் ஓடாத மூலையில், மணலுக்கு அடியில் அல்லது நின்றுபோன ஃபில்டருக்குள் ஒட்சிசன் தீர்ந்துவிட்டது. மணலைக் கிளற வேண்டாம், கிளறினால் நச்சு மேலே வரும். நீரோட்டத்தை அந்த மூலைக்குத் திருப்புங்கள்.

குறி: கரண்ட் போய் வந்த பிறகு அமோனியா திரும்ப வந்துவிட்டது

மூடிய கனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இது வரும். உள்ளே அடைபட்ட தண்ணீரில் ஒட்சிசன் சில மணித்தியாலத்தில் தீரும். பிறகு பற்றீரியா சாகத் தொடங்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாவிட்டால், திரும்ப ஓடவிடும் முன் ஃபில்டரைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசிப் போடுங்கள். குழாய்நீரில் அலசக்கூடாது. அடிக்கடி கரண்ட் போகும் இடமென்றால் கனிஸ்டரைவிடக் கல்லை நம்புவது மேல்: நல்ல துளையுள்ள கல் கூடுதலாகப் போட்டு, பற்றறியில் ஓடும் ஒரு எயார் பம்ப் வைத்தால் இரவு முழுதும் தாங்கும்.

குறி: எண்கள் எல்லாம் சரி, உப்பு மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில், அதிலும் விசிறி வைத்திருந்தால், இது கெதியாக நடக்கும். 100 லீற்றரில் 10 லீற்றர் குறைந்தால் 35 இருந்தது 39 ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் கோடுவரை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். கடல் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் உப்பு இன்னும் ஏறும்.

மீன் விடலாமா என்று பார்ப்பது

2 பிபிஎம் அமோனியா போடுங்கள். 24 மணித்தியாலத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியமாக வேண்டும். ஒன்று மட்டும் பூச்சியமானால் இன்னும் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் தேறினால் நைத்திரேற்றைக் குறைக்கப் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். மீன் வர இன்னும் நாளாகும் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அமோனியா போட்டுக்கொண்டிருங்கள், சும்மா விட்டால் வளர்ந்த கூட்டம் சுருங்கிவிடும்.

குறி: மீன் விட்ட பிறகு அமோனியா தெரிகிறது

0.25 மட்டும் காட்டினால் முதலில் அதே கிட்டில் புதிதாகக் கலந்த உப்பு நீரையும் அளங்கள். அதுவும் 0.25 என்றால் கிட்டின் பார்வைப் பிழை. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் நிறம் மாறித் தெரியும்.

மெய்யாகவே 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். மறுநாள் அளந்து, குறையாவிட்டால் திரும்ப மாற்றுங்கள். ஒன்றுக்குப் பதிலாக நாலு மீன் விட்டிருந்தால், தொட்டி உள்ள நண்பரிடம் மூன்றைக் கொடுத்து வையுங்கள். மூன்று நாலு வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கலாம்.